நின்னுடுச்சு

அந்த வீட்டில் எந்தச் சேதியும் சும்மா வந்து சேராது. அறிவிக்கப்படும். மாமனார் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் காலமெல்லாம் பேசி ஓய்வு பெற்றவர். நிலையம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் நிலையத்தை விடவில்லை. சோறு வெந்தால் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பிப்பார். குழாயில் தண்ணீர் நின்றால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவார். கழிப்பறையில் யாராவது நேரம் எடுத்துக்கொண்டால், அடுத்துப் புறப்படத் தயார் நிலையில் இருப்பது யார் என்று கதவுக்கு வெளியே நின்று தெரியப்படுத்துவார். குடியிருப்பின் எல்லா மாடியிலும் அவருக்கு மைக் என்றுதான் பேர். காதில் விழும்படியே சொல்வார்கள். அதை அவர் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய மகன் லிஃப்ட் ரிப்பேர்க்காரன். ஊரிலுள்ள உயரமான கட்டடங்களெல்லாம் அவன் கைப்பேசியில் இருந்தன. நாள் முழுக்க அதில் வருவது ஒரே ஒரு சேதிதான்: நின்னுடுச்சு. நாலாவது மாடியில் நின்னுடுச்சு, ஆளோடு நின்னுடுச்சு, கல்யாணப் பெண்ணோடு நின்னுடுச்சு. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியும் ஏறித்தான் வருவான்.

அப்படிப்பட்டவனை மனைவி ஒரு நாள் வேலை நேரத்தில் கூப்பிட்டாள்.

"என்னங்க, நின்னுடுச்சு."

"எந்த மாடியில?"

"ஐயோ, மாடியில இல்ல. எனக்கு. இந்த மாசம் வரல."

அந்தப் பக்கம் எதுவோ இரும்புச் சாமான் கீழே விழுந்தது. அப்புறம் பழக்கதோஷத்தில், "உள்ள ஆள் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டான்.

அவள் சிரித்துவிட்டாள். "இருக்காங்கன்னுதான் நினைக்கிறேன்."

சிரித்ததற்காக உடனே பயந்தாள். இதற்கு முன்னால் இரண்டு தடவை சிரித்திருக்கிறாள். இரண்டும் தங்கவில்லை. மாமியார் அதைச் சொல்கிற விதம் தனி. "நிக்கல" என்பாள். மட்டமான துணியில் சாயம் நிற்கவில்லை என்று கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கிற குரலில். கேட்பவர்கள் துணியைப் பார்ப்பதுபோல் மருமகளை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

"அவ வேலை அப்படி. நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தா அது எப்படி நிக்கும்? ரெண்டுல ஒண்ணுதான் நிக்கும்" என்பதும் மாமியாரின் கண்டுபிடிப்பே.

நிற்கிற வேலைதான். பெரிய ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் சலவைக்கூடம். மேலே விருந்தாளிகள் தூங்கிக் கசக்கிய படுக்கை விரிப்புகள் கீழே வந்து, வெந்து, பிழிந்து, கடைசியில் அவளிடம் வரும். ஈரத் துணியின் இரண்டு முனையை அவள் பிடிப்பாள், இரண்டு முனையை இன்னொருத்தி பிடிப்பாள். உதறி, இழுத்து, கொதிக்கிற உருளைக்குக் கொடுக்க வேண்டும். உருளை விழுங்கி அந்தப் பக்கம் கத்தி மாதிரி மடிப்போடு துப்பும். ஆவி சுவரில் வழிந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரே ஒரு நாற்காலி உண்டு. அதில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருப்பார். முதுகை வளைத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்குக் கஞ்சி என்று பெயர்.

துணியின் மறுமுனையைப் பிடிக்கிறவள் வயதில் மூத்தவள், மூன்று பிள்ளை பெற்றவள். அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"என்னடி, முகம் பெட்ஷீட்டைவிட வெள்ளையா இருக்கு?"

"வாசனை ஒத்துக்கலக்கா."

"எந்த வாசனை?"

"எல்லாமே. சோப்பு, ஆவி, உங்க தலையில வச்ச எண்ணெய், கஞ்சி…"

"எந்தக் கஞ்சி? தொட்டியில இருக்கிறதா, நாற்காலியில இருக்கிறதா?"

சிரிப்பில் துணி தளர்ந்து தரையில் உரசியது. நாற்காலியிலிருந்து கனைப்பு வந்தது.

"பயப்படாதடி" என்றாள் மூத்தவள், துணியை இழுத்தபடி. "இப்ப உன் மூக்கு போலீஸ் நாய் மாதிரி ஆயிடும். என் மூத்தவன் வயித்துல இருந்தப்போ பக்கத்துத் தெருவுல முட்டை உடைச்சா நான் இங்க வாந்தி எடுப்பேன். வந்தா நல்லதுதான். உள்ள ஆள் இருந்தாத்தானே வெளிய கலாட்டா?"

வாந்தி வந்தது. தாராளமாக வந்தது. போன இரண்டு தடவையும் இப்படி இல்லை. அரைகுறையாகக் குமட்டி, ஒரு நாள் காலை சட்டென்று எல்லாம் தெளிந்து, உடம்பு லேசாகி, நன்றாக இருக்கிறதே என்று நினைத்த அன்றைக்கே ரத்தம் பட்டது. அதனால் இந்த முறை தெளிவுதான் அவளுக்குப் பயம். கண்விழித்ததும் குமட்டுகிறதா என்று பார்ப்பாள். குமட்டினால் நிம்மதி. வாயில் எந்நேரமும் சாவியைப் போட்டு வைத்திருப்பதுபோல் ஒரு இரும்பு ருசி. மார்பு கனத்து, ஈரத் துணியின் ஓரம் பட்டாலே கண்ணில் நீர் வந்தது. அதற்கும் நிம்மதி. நின்றபடியே தூக்கம் சொக்கியது. அடிக்கொருதரம் சிறுநீர் முட்டியது. கழிப்பறை இரண்டு தளம் மேலே.

"ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்களவிட நீதான் நம்ம பாத்ரூமை அதிகமா உபயோகிக்கிற" என்றார் கஞ்சி.

"உள்ளயும் ஒரு விருந்தாளி தங்கியிருக்குங்க" என்றாள் மறுமுனைக்காரி. "அதுக்கும் சேத்துத்தான் போறா."

முதல் ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது. திரையில் ஒரு பயறு அளவு வெளிச்சம், அதற்குள் இமைத்துக்கொண்டே இருந்த ஒரு புள்ளி. கூடப் போன கணவன் வெளியே வந்து, "மோட்டார் சீரா ஓடுது" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பாராட்டத் தெரியாது. மாமியார் அன்றுமுதல் "நின்னுடுச்சு" என்று சொல்ல அனுமதி உண்டா என்று டாக்டரைக் கேட்கச் சொன்னாள். இன்னும் கொஞ்ச வாரம் போகட்டும், அடுத்த ஸ்கேன் பார்த்துச் சொல்லலாம் என்றார்கள். ஆகவே அந்தச் சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல், இனிப்பு டப்பாவைப் பரணில் வைத்தாற்போல் வைத்திருந்தார்கள்.

மைக்குக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. கைப்பேசியில் ஒரு மருத்துவ வீடியோவைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். அறிவிப்பை அவர் ஒருநாளும் உட்கார்ந்து செய்ததில்லை.

"அனைவரின் கனிவான கவனத்திற்கு. இதயம் தன் சேவையைத் தொடங்கியுள்ளது. கைகளும் கால்களும் மொட்டு நிலையில் காத்திருக்கின்றன. வால் இன்னும் புறப்படவில்லை."

"வாலா?" என்றாள் மாமியார். "என்ன வால்?"

"எல்லோருக்கும் இருந்ததுதான். பின்னர் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும்."

"உங்களுக்கு இழுத்துக்கிட்டதாத் தெரியலியே."

அடுத்த வாரம் கண்கள் வந்து சேர்ந்தன, இமைகள் வரவில்லை. மூடத் தெரியாத கண்ணோடு அது உள்ளே என்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் விரல்கள். இதுவரை விரல்களின் நடுவே வாத்துக்கால் போலத் தோல் இருந்ததாகவும், இப்போது ஒவ்வொன்றாகப் பிரிவதாகவும் மைக் அறிவித்தார். மறுநாள் உருளைக்கு முன்னால் நின்று அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். ஆவியில் ஊறி நுனியெல்லாம் சுருங்கியிருந்தன. இதே மாதிரி பத்து, தண்ணீரிலேயே ஊறி, அவளுக்குள் பிரிந்துகொண்டிருக்கின்றன.

"துணியப் புடிடி, ஜோசியம் அப்புறம் பாக்கலாம்" என்று மறுமுனையிலிருந்து சத்தம் வந்தது.

அதற்கும் அடுத்த ஞாயிறு, நகம் முளைக்கிற வாரம். கணவன் கைதட்டினான்.

இரண்டாவது ஸ்கேனுக்குக் கணவன் வர முடியவில்லை. யாரோ பெரிய அதிகாரி லிஃப்டில் மாட்டிக்கொண்டு, தான் யார் என்று தெரியுமா என்று உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். அவர் யார் என்று தெரிந்தவர்கள் அவனை இன்னும் வேகமாகக் கூப்பிட்டார்கள். மாமனாரும் மாமியாரும் கூட வந்தார்கள். மைக் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, நடையில் போட்டிருந்த பெஞ்சில் கதவுக்குப் பக்கத்து இடத்தைப் பிடித்தார்.

உள்ளே வயிற்றில் குளிர்ந்த களிம்பு. டாக்டரம்மா போன தடவை திரையை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினவள். இந்தத் தடவை திருப்பவில்லை. கருவியை ஒரு பக்கம் அழுத்தினாள், இன்னொரு பக்கம் அழுத்தினாள். எழுந்துபோய் வயதான ஒரு டாக்டரைக் கூட்டி வந்தாள். அவரும் அழுத்திப் பார்த்தார். இருவரும் திரையைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். அவளுக்குத் திரையைவிட அந்தத் தலையசைப்பு நன்றாகத் தெரிந்தது.

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "அளவு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இருக்க வேண்டிய அளவுலயே இருக்குமா. அதுக்கப்புறம் வளரல. துடிப்பு…"

அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் வெளியே போகக் கதவைத் திறந்தார்.

"…நின்னுடுச்சும்மா."

வெளியே போனது அந்த ஒரு வார்த்தைதான். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அப்புறம் டாக்டரம்மா சொன்னதெல்லாம் உருளைக்குள் போகும் துணி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போனது. நீங்க எதுவும் தப்புப் பண்ணல. நின்னு வேலை பாத்ததால இல்ல. காரணம் பெரும்பாலும் தெரியாது. நாளை மறுநாள் வெறும் வயித்தோட வாங்க, மாத்திரை கொடுத்துப் பாப்போம், முழுசா வரலைன்னா சுத்தம் பண்ணிடலாம். துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தாள். களிம்பு துடைக்கத் துடைக்க இருந்தது.

கதவைத் திறந்தபோது நடையில் மைக் நின்றுகொண்டிருந்தார். காத்திருக்கும் கர்ப்பிணிகள், கூட வந்த கணவர்கள், தரை துடைப்பவள் எல்லோரையும் நோக்கி அறிவிப்பு முடிந்து, இப்போது கைப்பேசியில் வெளியூர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஆம், நின்றுவிட்டது. மருத்துவர் வாயால் சொன்னார், என் காதால் கேட்டேன். கரு உறுதியாக நின்றுவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார் வந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து பாத்திரம் கைமாறும்போது விரல் பட்டதோடு சரி. இப்போது இரண்டு உள்ளங்கையும் கன்னத்தில் இருந்தன. வெங்காய வாசனை. மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

"நின்னுடுச்சாடி? நான்தான் நாக்குல சனியோட பேசிட்டேன் உன்னை. இனிமே சொல்ல மாட்டேன். நீ எது கேட்டாலும் செஞ்சு போடறேன்."

"அத்தை…"

"பேசாத. பசியோட இருப்ப." வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டாள்.

அவள் மென்றாள். விழுங்கினாள். சொல்ல வேண்டியதும் அதோடு உள்ளே போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது சேதி அவர்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மாடிப்படி முழுக்க வாழ்த்து. கீழ்வீட்டு டியூஷன் மாஸ்டர் ஒரு டஜன் ஆரஞ்சோடு வந்து கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் பெறாத பிள்ளைகளை வளர்ப்பது பற்றி எல்லாம் தெரிந்தவர்.

"இப்பதான் முக்கியமான கட்டம்" என்றார். "காது உருவாகிற நேரம். இப்பவே கணக்கு காதுல விழணும். அப்புறம் அஞ்சாம் வகுப்புல என்கிட்ட கொண்டாந்து விட்டுட்டு மக்கு மக்குன்னு அழக்கூடாது."

"மிகச் சரியான தகவல்" என்றார் மைக்.

"நான் வேணா ஆரம்பிச்சு வைக்கிறேன்." மாஸ்டர் எழுந்துவந்து, மரியாதையான தூரத்தில் குனிந்து, அவள் வயிற்றைப் பார்த்து ராகமாகச் சொன்னார். "ஓரெண்டு ரெண்டு. ஈரெண்டு நாலு. மூவிரண்டு ஆறு."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருமகள் கதவு நிலையைப் பிடித்தபடி, வாய்ப்பாடு முடிகிறவரை அசையாமல் நின்றாள். நிற்பது பழக்கமான வேலைதான்.

பொழுது சாயக் கணவன் வந்தான். கூடத்தில் முதுகில் விழுந்த தட்டல்களை வாங்கிக்கொண்டு, கையில் கிரீஸோடு உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்தினான். அவள் கட்டிலின் ஓரத்தில் இருந்தாள்.

"அப்பா போன் பண்ணாரு. லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டே கேட்டேன். மேல அந்த ஆபீசர் கத்துறாரு, நான் கீழ சிரிக்கிறேன். பைத்தியம்னு நினைச்சிருப்பாரு."

"மாமா என்ன சொன்னாரு?"

"நின்னுடுச்சுன்னு."

"ஆமா. நின்னுடுச்சு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"அந்த நின்னுடுச்சு இல்லங்க."

"வேற எந்த நின்னுடுச்சு?"

"உங்கள வேலைக்குக் கூப்பிட்டுச் சொல்லுவாங்களே, அது."

கூடத்தில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள். அதன் நெடி கதவிடுக்கில் வந்தது. அவன் மெல்லச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தான்.

"எதனால?"

"தெரியாதாம்."

"காரணம் இல்லாம எப்படி? எதுவும் சும்மா நிக்காதே. ஒரு கம்பி அறுந்திருக்கணும், ஒரு…"

"நானும் கேட்டேன். நான் நின்னதாலயான்னுகூடக் கேட்டேன். இல்லையாம்."

"திரும்ப ஒரு தடவை பாக்கச் சொல்லலாம்ல? வேற எடத்துல?"

"ரெண்டு பேர் பாத்தாச்சு. பெரிய டாக்டரும் பாத்துட்டாரு."

அவன் உள்ளங்கையிலிருந்த கிரீஸை இன்னொரு கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். "எப்பலேர்ந்து?"

"ரெண்டு வாரமா இருக்குமாம். விரல் பிரியுதுன்னு மாமா சொன்னாரே. அப்ப, இல்ல அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"நகம் முளைச்சதுன்னதும் நான் கைதட்டினேனே."

"ஆமா."

"அதுக்கு முன்னாடியேவா?"

 ஆமா என்றால் விரல் பிரிந்ததா இல்லையா என்பதும் சொல்ல வேண்டியிருக்கும். அதை டாக்டரிடம் கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டாள்.

வந்தவர்கள் போகிறவரை இருவரும் உள்ளேயே இருந்தார்கள். புதுசாக் குழந்தை உண்டான ஜோடி என்று வெளியே மரியாதையோடு கிசுகிசுத்தார்கள். கடைசியாக மாஸ்டர் படி இறங்கியதும் கணவன் எழுந்துபோனான். அவள் கதவிடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் ரொம்பச் சின்னக் குரலில், ஒரே வாக்கியத்தில் சொன்னான்.

"தவறான தகவல்" என்றார் மைக். "என் காதால் கேட்டேன்."

"சரியாத்தான்ப்பா கேட்டீங்க."

 மைக் உட்கார்ந்த நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. பிறகு மாமியார் "டேய்" என்றாள். 

கைப்பேசி அடித்தது. வெளியூரிலிருந்து மைக்கின் தங்கை. மத்தியானம் சேதி கேட்டுவிட்டு, வேலை முடிந்து இப்போதுதான் பேசக் கிடைத்திருக்கிறாள். அவளுடைய சந்தோஷம் ஒலிபெருக்கி போடாமலே அறை முழுக்கக் கேட்டது. மைக் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

நிலையத்தில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வண்டி ரத்தானால் ரத்து என்று அவர் வாசித்ததே கிடையாது. ரத்து என்றால் ஜனங்கள் கண்ணாடிக் கூண்டுக்கு வந்து கத்துவார்கள். தாமதம் என்றால் மூட்டையின் மேல் சாய்ந்துகொண்டு விடிய விடியக் காத்திருப்பார்கள். காலையில் அவருடைய முறை முடிந்திருக்கும்.

"ஒரு சிறு திருத்தம்" என்றார் கைப்பேசியில். குரல் பழைய குரல்தான், கம்பீரம் குறையவில்லை. "தவிர்க்க முடியாத காரணங்களால்… சற்றுத் தாமதமாக வரும் என்று தெரிகிறது." அந்தப் பக்கம் புரியாமல் ஏதோ கேட்டது. "ஆம். தாமதம்தான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"எதுக்கு அப்படிச் சொல்றீங்க?" என்றாள் மாமியார். "எது தாமதமா வரும்? உள்ளதைச் சொல்லுங்களேன்."

"வேற எப்படிடீ சொல்றது?" என்றார் மைக். அவர் வாயில் அப்படி ஒரு பேச்சை மருமகள் கேட்டதில்லை. சாதாரணக் கிழவர் ஒருவர் வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது.

அடுப்பில் யாரும் கவனிக்காமல் எதுவோ தீய்ந்துகொண்டிருந்தது. அந்த நெடி உள்ளறை வரை வந்து அவளுடைய அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். சமையலறைத் தொட்டிமேல் குனிந்து, காலையிலிருந்து உள்ளே போன பிஸ்கட், ஆரஞ்சு எல்லாவற்றையும் கொட்டினாள். மார்பு தொட்டியின் விளிம்பில் பட்டு வலித்தது. கண்ணில் நீர் தெறித்தது. எப்போதும்போல நன்றாக, முழுசாக வந்தது.

சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்தாள். ஒரு கையால் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள், இன்னொரு கை தானாகவே அலமாரியில் எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்தது. எடுத்த கை அப்படியே நின்றது. மருமகளின் முகத்தை எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒன்று மெல்லத் துளிர்ப்பது மருமகளுக்குத் தெரிந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

"வாந்தி வருதேடி" என்றாள் ரகசியமாக, கூடத்துக்குக் கேட்காமல். "நல்லா வருதே. அப்ப எப்படி அவங்க சொல்றது சரியா இருக்கும்? ஆங்? மிஷின்தானே. தப்பாக் காட்டியிருக்கும். உனக்கு வாந்தி வருதேடி!"

அவள் குழாயைத் திறந்து வாய் கொப்புளித்தாள். இரும்பு ருசி போகவில்லை. இரண்டாம் தடவையும் கொப்புளித்தாள்.

"உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லல, அத்தை" என்றாள்.